பாலாற்று மணலும் பிள்ளைகளின் ஆடுகளமும்

வரலாறு என்றால் அரசர்களின் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே என்று எண்ணுவது மாணவர்களிடையே உள்ள வழக்கம். வேலூர் என்ற பெயரைக் கேட்டவுடன், 1806-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் கோட்டைக்குள் மூண்ட சிப்பாய்க் கிளர்ச்சி நினைவுக்கு வருகிறது. ஆம்பூர் என்றால், 1749-இல் ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் களத்தில் வீழ்ந்த போர் நினைவுக்கு வருகிறது. இவை அறியத்தக்கவையே, ஐயமில்லை. ஆயினும் அப்போர்க்களங்களுக்கு அண்மையிலேயே, அவற்றுக்கு முன்னும் பின்னும், மாலைதோறும் பிள்ளைகள் ஓடியாடிய வெளிகள் இருந்தன. அவை எங்கே இருந்தன? அவற்றில் யார் ஆடினர்? யார் ஆட முடியாமல் நின்றனர்? இன்று அவை என்ன ஆயின? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதும் வரலாற்றுப் பாடமே ஆகும். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிலால் பெயர் பெற்று விளங்கும் நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, இவ்வினாக்களை இன்று ஆராய்வோம்.

இப்பகுதியின் உயிர்நாடி பாலாறு. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கோலார், சித்தூர் மாவட்டங்களைக் கடந்து, தமிழகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, ஆர்க்காடு ஆகிய ஊர்களைத் தழுவிச் சென்று, செங்கல்பட்டு மாவட்டத்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்துக்கு உரியது. பெயர் பாலாறு எனினும், ஆண்டில் பெரும்பகுதி அதில் நீரோட்டத்தைக் காண்பது அரிது. பருவமழை மிகுந்த ஆண்டுகளில் அது சீறி எழும். 1903 நவம்பரில் மேற்கே ஏரிகள் உடைந்து பெருகிய வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடிற்று. கரையோர மக்கள் பலர் மாண்டனர். 2021 நவம்பரிலும் ஆறு இரு கரையும் புரள ஓடிற்று. ஏனைய நாட்களில் பாலாறு என்பது ஒரு மணல்வெளி. நீர் மணலுக்கு அடியில் மறைந்து ஓடும். கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். அந்த ஊற்றுநீரைக் கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுசென்ற உழவர் திறமை இப்பகுதிக்கே உரிய சிறப்பு.

உழவர்க்கு ஊற்றுநீர் தந்த அதே மணல், பிள்ளைகளுக்கு ஆடுகளம் தந்தது. சுவரில்லை, வேலியில்லை, கட்டணமில்லை, காவலாளில்லை. விழுந்தால் முழங்கால் சிராய்க்காது. உடற்பயிற்சி என்ற வகையிலும் மணலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கெட்டித் தரையில் காலை ஊன்றும்போது தரை அசையாது நின்று நம்மை முன்னே தள்ளுகிறது. மணலோ காலடியில் நழுவி, நாம் செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப்போல் 2.1 முதல் 2.7 மடங்கும், ஓடுவதற்கு 1.6 மடங்கும் ஆற்றல் வேண்டும். பாலாற்றங்கரைச் சிறுவர்கள் இந்தக் கணக்கை அறிந்தவர்கள் அல்லர். ஆனால் ஒரு மாலை முழுதும் மணலில் சடுகுடு ஆடியவன் இரவு படுத்ததும் உறங்கிப்போவதன் காரணத்தை இக்கணக்கு நமக்குச் சொல்கிறது.

ஆற்றுமணலையும் பிள்ளை விளையாட்டையும் சேர்த்து நோக்குவது தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தனர் நம் புலவர். அப்பருவங்களின் பெயர்களை உற்றுநோக்குங்கள். செங்கீரை என்பது குழந்தை கையும் முழங்காலும் ஊன்றித் தலையசைத்தாடும் பருவம். சப்பாணி கைகொட்டும் பருவம். வருகை தளர்நடையிட்டு வரும் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதியாக வருபவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடல், அம்மானை, ஊசல் போன்றவை வருகின்றன. குழந்தையின் வளர்ச்சியை எடையாலும் உயரத்தாலும் அளவாமல், அது உடலால் என்ன செய்கிறது என்பதைக்கொண்டு அளந்திருக்கிறார்கள். அவ்வளர்ச்சிக்குரிய இடங்களும் உடன் குறிக்கப்படுகின்றன: சிற்றில் இழைக்க மணல், நீராடப் புனல், ஊசலுக்கு மரக்கிளை, தேர் உருட்டத் தெரு. சிற்றில் பருவத்திலோ ஒரு சிறு பூசலும் உண்டு. சிறுமியர் மணலில் வீடு கட்டுவர். சிறுவன் அதைக் காலால் அழிப்பான். அழியாதே என்று சிறுமியர் வேண்டுவர். ஒரே வெளியில் இருபாலரும் ஆடினர் என்பதும், அவ்வெளிக்காகப் போட்டி இருந்தது என்பதும் இதிலிருந்து புலனாகின்றன.

மணல் ஆடுகளமாக மட்டுமன்றிப் பள்ளியாகவும் இருந்தது. பழைய திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி எழுத்துக் கற்றனர். அந்நாளில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்காக ஓர் இல்லம் நடந்தது. அதன் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவனே இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனுடன் சேர்த்து, தாயகம் திரும்பியபின் அதைப் பற்றி நூல் எழுதினார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. காலையில் எழுத்தறிவித்த மணலே மாலையில் ஓட்டத்தையும் தாண்டலையும் பயிற்றியது. அறிவுக்கு ஓரிடம், உடலுக்கு வேறிடம் என்ற பிரிவினை அக்காலப் பிள்ளைக்குத் தெரியாது.

இப்பிள்ளை விளையாட்டுகளை முறையாகத் தொகுத்து எழுதிய தமிழறிஞர் ஒருவர் இந்தத் தோல் வட்டாரத்திலேயே வளர்ந்தவர் என்பது நமக்குப் பெருமையளிக்கும் செய்தி. அவர் மொழிஞாயிறு எனப் போற்றப்பெறும் ஞா. தேவநேயப் பாவாணர். 1902-இல் தென்பாண்டி நாட்டில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து, ஆம்பூர்ப் பகுதியில் வாழ்ந்த தம் தமக்கையாரின் ஆதரவில் வளர்ந்தார். ஆம்பூரில் லுத்தரன் சபையார் நடத்திய நடுநிலைப்பள்ளியில் பயின்றார். பின்னர் பாளையங்கோட்டையில் உயர்நிலைக் கல்வி பெற்று, 1920-களின் தொடக்கத்தில் ஆம்பூருக்கே திரும்பி ஆசிரியப் பணி புரிந்தார். சொல்லாராய்ச்சியில் தலைசிறந்த அவர், 1954-இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்ற நூலை வெளியிட்டார். மொழிநூற் புலவர் ஒருவர் கோலியையும் பம்பரத்தையும் கிளித்தட்டையும் ஆராயப் புகுந்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். ஒரு மக்களின் பண்பாடு அதன் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களிலும் தங்கியிருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்நூலில் அவர் கையாண்ட பாகுபாட்டை மாணவர்கள் கவனிக்கவேண்டும். ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலரும் ஆடுவன என்று ஒரு பிரிவு. பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன, இருபொழுதும் ஆடுவன என்று மற்றொரு பிரிவு. இரவாட்டம் என்று ஒரு தனிவகை வகுக்கவேண்டியிருந்தது என்றால், மின்விளக்கற்ற அந்நாளில் நிலவொளியிலும் பிள்ளைகள் வெளியே ஆடிக்கொண்டிருந்தனர் என்பது தெளிவு. தெருவில் அச்சமில்லை, பெற்றோர் திண்ணையில் அமர்ந்திருந்தனர், வண்டி என்றால் மாட்டுவண்டிதான். பம்பரத்துக்குக் கெட்டித் தரை, கிட்டிப்புள்ளுக்கு நீண்ட வெளி, பாண்டிக்கு வீட்டு வாயில், தட்டாங்கல்லுக்குத் திண்ணை என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் இடம் இயல்பாகவே அமைந்தது. ஊரின் ஒவ்வொரு மூலையும் பிள்ளையின் உடலுக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்தது.

பழமையை இவ்வாறு புகழும்போது உண்மையின் மறுபாதியை மறைத்தல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. அந்தப் பழைய வெளி எல்லார்க்கும் பொதுவாய் இருந்ததில்லை. ஊர்த்தெரு ஒரு சாராருக்கும் சேரித்தெரு ஒரு சாராருக்கும் என்று பிரிந்து கிடந்த ஊர்களில், குளத்தில் குதித்து நீந்தும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் இல்லை. தோலைத் தொட்டு உழைத்தவரின் மகனுக்கு, அவன் தந்தையின் உழைப்பே தீட்டு என்று சொல்லித் தெரு மறுக்கப்பட்டது. பொதுத் தெருக்களும் கிணறுகளும் குளங்களும் சாதி வேறுபாடின்றி அனைவர்க்கும் உரியன என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் செய்ய நேர்ந்ததே, அதுவரை அவை அவ்வாறு இருக்கவில்லை என்பதற்குச் சான்று. பெண்பிள்ளைகளின் நிலையும் இத்தகையதே. தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்து, ஊற்றுநீரைக் குடத்தில் சுமந்து, விறகைத் தலையில் சுமந்த சிறுமியின் உடல் உழைத்தது உண்மை. ஆனால் அது ஆட்டம் ஆகாது. பருவம் எய்தியதும் பல குடும்பங்களில் அவளுக்குத் தெருவும் அடைபட்டது. முற்றம் ஒன்றே வெளி ஆயிற்று. எனவே பழைய நாளை அப்படியே மீட்பது நம் நோக்கமாக இருத்தலாகாது. அந்நாளில் சிலருக்கே கிட்டியதை எல்லார்க்கும் உரியதாக்குவதே நோக்கமாக வேண்டும்.

அவ்வழியில் ஒரு முன்னேற்றத்தைத் தந்தது பள்ளிக்கூடம். தொடக்கத்தில் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது படைப்பயிற்சியின் நிழலாகவே இருந்தது. வரிசையாய் நின்று, கட்டளைக்கேற்பக் கை உயர்த்தித் தாழ்த்துவதையே டிரில் என்றனர். இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஹாரி குரோ பக். அவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். விளையாட்டைக் கற்பிப்பதும் ஓர் ஆசிரியக் கலை, அதற்குப் பயிற்சி வேண்டும் என்ற கருத்து அதனால் நம் நாட்டில் வேரூன்றிற்று. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவைப் பயிற்றுவித்தவர்களுள் பக்கும் ஒருவர். அவர் மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தார். அக்கல்லூரியில் பயின்றோர் மாகாணமெங்கும் பரவிப் பள்ளிகளில் பணியாற்றினர்.

இவ்விடத்தில் இரண்டு ஆட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். கூடைப்பந்து 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரால் அமைக்கப்பெற்றது. பனிக்காலத்தில் மாணவர் வெளியே ஆட இயலாமையால், கூரைக்குட்பட்ட சிறிய கூடத்துக்கென அவர் அதை அமைத்தார். நம் சடுகுடுவோ யாராலும் அமைக்கப்படாமல், திறந்தவெளியில் தானே வளர்ந்தது. அதற்குப் பந்து வேண்டா, மட்டை வேண்டா. ஒரு கோடு, ஒரு மூச்சு, சில தோழர், காலடியில் மென்மையான மண் இவையே போதும். ஆட்டம் சூழலின் குழந்தை என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. 1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் விழாவின்போது பார்வையாளர் முன் ஆடிக்காட்டப்பெற்ற சடுகுடு, கபடி என்ற பெயரில் 1990-இல் பீகிங் ஆசியப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. சூழலின் குழந்தையான ஆட்டம் உலக அரங்கம் ஏறிவிட்டது. ஆனால் அதைப் பெற்ற சூழல் என்ன ஆயிற்று?

இதற்கு விடை காணத் தோல் தொழிலின் வரலாற்றுக்கு வரவேண்டும். 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடிற்று. பின்னர் அப்பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே மேற்கே நீண்டது. துறைமுகத்தோடு நேர்த்தொடர்பும், ஆற்றுப்படுகை நீரும், காடுகளில் செழித்த ஆவாரஞ்செடியின் பட்டையும் ஒருங்கே கிடைத்தமையால் இப்பகுதியில் பதனீட்டுத் தொழில் ஓங்கிற்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வணிகர் செல்வம் பெற்றனர். அவர்கள் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறுவினர்; வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் உண்டன, இன்றும் உண்கின்றன. தோல் தொழில் இல்லையேல் இப்பகுதிப் பிள்ளைகளில் பலர்க்குப் புத்தகமும் இல்லை, சீருடையும் இல்லை. இதை மறந்து பேசுதல் நன்றியாகாது.

பட்டையால் பதனிட்ட காலத்திலும் கழிவுநீர் இருந்தது. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்த நீரில் உப்பு மிகுந்திருந்தது. மயிர் நீக்கிய குழியில் சுண்ணாம்பு இருந்தது. 1970-களின் பிறகு மாற்றம் விரைந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முழுமையாய் முடித்த தோலையும் காலணிகளையும் ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கமளித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகிற்று. அதனுடன் குரோமிய உப்பால் பதனிடும் முறை எங்கும் பரவிற்று; இரசாயனங்கள் பெருகின; அவற்றைக் கழுவிய நீர் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் சேர்ந்தது. ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவை என்பது பின்னாளில் உச்சநீதிமன்றத் தீர்ப்பில் குறிக்கப்பெற்ற கணக்கு. இராணிப்பேட்டையிலோ 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை மலைபோல் விட்டுச் சென்றது. பதனீட்டில் பயன்படும் குரோமியத்தைவிட அக்கழிவில் உள்ள குரோமிய வகை மிகக் கொடிது, நீரில் எளிதில் கரைவது, உடலுக்கு நஞ்சாவது.

பெரியவர் கண்ணுக்கு இது கிணற்றுநீரும் பயிரும் கெட்ட செய்தி. பிள்ளையின் கண்ணுக்கு இது வேறொரு செய்தி. நுரை மிதக்கும் வாய்க்காலில் குளிக்காதே என்றாள் தாய். நாறும் குட்டைப்பக்கம் ஓடாதே என்றார் தந்தை. அச்சொற்கள் அன்பில் பிறந்தவை. ஆனால் ஒவ்வொரு ‘போகாதே’யும் ஆடுகளத்தில் ஒரு பங்கைக் குறைத்தது. ஆற்றங்கரைக்குப் போவது இயல்பாயிருந்த தலைமுறை போய், அது தடுக்கப்பட்டதாய் உணரும் தலைமுறை வந்தது.

அதே காலத்தில் இம்மாவட்டத்தின் மற்றொரு தொழிலும் பிள்ளைகளின் உடலை முடக்கிற்று. வேலூர், குடியாத்தம் வட்டாரங்களில் பீடி சுற்றும் தொழில் வீடுதோறும் நடந்தது. பெரியவர் பெற்ற கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் இத்தொழிலில் அடகு வைக்கப்பட்டமை 1990-களில் வெளியான அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. முறத்தை மடியில் வைத்துக் காலை முதல் மாலை வரை குனிந்து அமர்ந்து, இலை நறுக்கியும் முனை மடித்தும் கழிந்த குழந்தைப் பருவத்தில் ஓட்டம் ஏது? தாண்டல் ஏது? சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குட்பட்டோரை ஆலையில் அமர்த்துவதைத் தடுத்தது; 7 முதல் 12 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 9 மணி வரை வேலை தரலாம் என்றது. குழந்தையின் உழைப்பை அடகு வைப்பதை 1933-இல் ஒரு சட்டம் தடை செய்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடி சுற்றுவதைக் குழந்தைகளுக்கு விலக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வீட்டுத் திண்ணை வரை வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பள்ளியும் மதிய உணவும் ஊராரின் விழிப்பும் சேர்ந்தே அச்சட்டத்துக்கு உயிரூட்டின.

ஆற்றின் நிலையும் நீதிமன்றம் சென்றது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் 1991-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதன் விலையைத் தரவேண்டும். தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்னரே தடுக்கவேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. வேளாண் நிலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் முழுமையாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வுச் செய்தியை அது எடுத்துக்காட்டியது. தோல் பதனிடும் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கலாயின. எனினும் நோய் முற்றும் தீரவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளித்து, எஞ்சியோர்க்கு இழப்பீடு வழங்கவும், ஆற்றை மீட்பதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்பு வந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 28 நிறைந்திருக்கும். அவனுடைய ஆட்டப் பருவம் முழுவதும் இரு தீர்ப்புகளுக்கு இடையே கழிந்துவிட்டது. கெட்ட நிலத்துக்கு ஏக்கர்க் கணக்கில் இழப்பீடு உண்டு. இழந்த மாலைப்பொழுதுகளை அளக்க எந்த அளவுகோல் உண்டு?

கழிவுநீர் ஒன்றையே குற்றஞ்சாட்டுவதும் நேர்மையாகாது. வீடு கட்டுவதற்காக ஆற்றுமணலை நாமே அள்ளிச் சென்றோம். மணல் இருந்த இடத்தில் பள்ளமும் முட்புதரும் உண்டாயின. மேய்ச்சல் நிலம் மனைகளாயிற்று. நிலவில் பிள்ளைகள் ஆடிய தெருவில் இன்று இருசக்கர வண்டிகள் விரைகின்றன. வீட்டுக்குள் ஒளித்திரை பிள்ளையைப் பிடித்து அமர்த்துகிறது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 11 முதல் 17 வயதுடைய மாணவரில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்று 2019-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 78. பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85. பெண்பிள்ளைகளுக்கு வெளி சுருங்கியிருக்கும் பழைய அநீதி, இப்புள்ளியிலும் தொடர்வதைக் காண்கிறோம்.

இந்த 60 நிமிடத்தை எங்கே தேடுவது? வாரத்துக்கு இரண்டு உடற்கல்வி வகுப்பால் அது நிறைவேறாது. முற்காலப் பிள்ளை யாரும் ‘உடற்பயிற்சி செய்யப் போகிறேன்’ என்று சொல்லிப் புறப்பட்டதில்லை. பள்ளிக்கு நடந்தான், வழியில் புளியமரத்தில் கல்லெறிந்தான், ஏரிக்கரையில் ஓடினான், மணலில் ஆடினான். அன்றாட வாழ்வின் வழியே இயக்கம் தானாக வந்தது. ஆகவே பிள்ளையை இயங்கச் செய்ய விரும்பும் சமுதாயம், முதலில் அவன் அன்றாடம் நடமாடும் இடத்தைச் செப்பனிடவேண்டும்.

அதற்கு வேண்டிய அடிப்படைகள் ஏற்கெனவே சட்டத்தில் உள்ளன. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 31-ஆவது பிரிவில் கூறுகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு இருக்கவேண்டிய வசதிகளுள் விளையாட்டு மைதானத்தையும் பட்டியலிட்டுள்ளது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாகப் பொதுமக்களுக்கு ஒப்படைக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டின் திட்ட விதி. வேலூர்க் கோட்டையைப் பாருங்கள். ஒருகாலத்தில் பகைவரைத் தடுக்க எழுந்த மதிலும் அகழியும் சூழ்ந்த அவ்விடத்தில், இன்று மக்கள் காலையிலும் மாலையிலும் காற்று வாங்கி நடக்கிறார்கள். பிள்ளைகள் புல்வெளியில் ஓடுகிறார்கள். போருக்கென ஒதுக்கிய நிலம் ஆட்டத்துக்குப் பயன்படலாம் என்றால், பள்ளி விட்டபின் பூட்டிக் கிடக்கும் மைதானங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறவாதிருக்கக் காரணம் இல்லை.

மாணவர்களே, உங்களாலும் ஆகக்கூடிய ஒரு பணி உண்டு. உங்கள் ஊரின் வரைபடம் ஒன்றை ஒரு தாளில் வரையுங்கள். பாட்டியையும் தாத்தாவையும் அணுகி, அவர்கள் பத்து வயதில் எங்கெங்கே ஆடினர், யார் யாரோடு ஆடினர், எங்கே போகக்கூடாது என்று தடுக்கப்பட்டனர் என்று கேட்டு, அவ்விடங்களைக் குறியுங்கள். பின்பு தாய் தந்தையரைக் கேட்டு வேறொரு நிறத்தில் குறியுங்கள். கடைசியாக நீங்களும் உங்கள் தங்கையும் இன்று ஆடும் இடங்களை மூன்றாம் நிறத்தில் குறியுங்கள். நிறங்கள் எங்கே சுருங்குகின்றன, எங்கே விரிகின்றன என்று பாருங்கள். சில இடங்களில் சாதித்தடை நீங்கி வெளி விரிந்திருப்பதையும் காண்பீர்கள்; அதில் மகிழுங்கள். பல இடங்களில் சாக்கடையோ கட்டடமோ வண்டியோ வந்து வெளி சுருங்கியிருப்பதையும் காண்பீர்கள். அதற்குக் காரணம் கேளுங்கள். அவ்வரைபடத்தை ஊராட்சி மன்றத்திலும் நகராட்சியிலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த வரலாற்று நூலிலும் இல்லாத ஓர் அத்தியாயத்தை நீங்கள் எழுதியவர்கள் ஆவீர்கள்.

தோல் தொழில் வாழவேண்டும். அதை நம்பிய குடும்பங்கள் வாழவேண்டும். பாலாறும் வாழவேண்டும். ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிட வேண்டுவதில்லை என்பதை மெய்ப்பிக்கும் அறிவியல் அறிவு இன்று நம்மிடம் உண்டு. ஓர் ஊர் நலமாக இருக்கிறதா என்று அறிய விரும்புவோர் அதன் கடைத்தெருவையும் ஆலைகளையும் எண்ணிப் பார்ப்பதோடு நிற்றலாகாது. மாலை ஐந்து மணிக்கு அவ்வூரின் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், ஊரார் பிள்ளையும் சேரிப் பிள்ளையும், அச்சமின்றி ஒருசேர ஓடியாட ஓரிடம் உண்டா என்று பார்க்கவேண்டும். உண்டு என்ற விடை எல்லா ஊர்களிலிருந்தும் வருமாறு செய்வது இத்தலைமுறையின் கடமை.